விமான தூரமும் பயண நேரமும்: வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் கவனிக்க வேண்டியவை

ஊரிலிருந்து பெற்றோரை வரவழைக்கும்போது, இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்றுதான் பலரும் முதலில் தேடுகிறார்கள். அந்த எண்ணை வைத்து விடுப்பையோ ஓய்வையோ திட்டமிட வேண்டாம். அது பூமியின் வளைந்த பரப்பில் இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய பாதையின் நீளம் மட்டுமே.

லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே சுமார் 5,540 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் ஆறேகால் மணி நேரம் போதும். ஆனால் கால அட்டவணையில் நியூயார்க் போக ஏறக்குறைய 8 மணி நேரம், திரும்பி வர 7 மணி நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, மேலேறுவது, தரையிறங்கக் காத்திருப்பது எல்லாம் இதில் அடக்கம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் வேகக்காற்று ஒரு திசையில் விமானத்தைத் தள்ளுகிறது, மறுதிசையில் தடுக்கிறது. அரசியலும் பாதையை நீட்டும். ரஷ்ய வான்வெளி 2022இல் ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமாகிவிட்டது.

டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள். லண்டனில் காலை 10 மணிக்குப் புறப்பட்டு நியூயார்க்கில் மதியம் 1 மணிக்கு இறங்கினால், பறந்தது 3 மணி நேரமல்ல, 8 மணி நேரம். வருகை நேரத்தின் அருகே +1 என்றிருந்தால் மறுநாள் என்று பொருள். அழைத்துவரப் போகிறவர் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது இடைமாற்றத்தை, அதாவது வழியில் வேறு விமானத்துக்கு மாறுவதைப் பற்றித்தான். விலை குறைகிறது என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை வாங்கி முதியவர்களை அனுப்பாதீர்கள். முதல் விமானம் தாமதித்து அடுத்தது தவறினால், இரண்டாவது நிறுவனத்துக்குப் பொதுவாக எந்தப் பொறுப்பும் கிடையாது. பெட்டிகளை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வெளியே வர நேர்ந்தால், விமானம் மாறும் நாட்டின் விசாவும் தேவைப்படலாம். ஒரே டிக்கெட்டாக இருந்தால் மாற்று விமானம் ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் வேலை. ஆனாலும் அமெரிக்கா செல்பவர்கள், பெரும்பாலும் அந்நாட்டில் முதலில் இறங்கும் இடத்திலேயே குடிவரவுச் சோதனையை முடித்து, வழக்கமாகப் பெட்டிகளையும் எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டும். அங்கே ஒன்றரை மணி நேர இடைவெளி மிகக் குறைவு, மூன்று மணி நேரமாவது வையுங்கள்.

விமான நிலையத்தின் பெயரையும் சரிபாருங்கள். லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி காட்விக்கில் ஏறுவதும், டோக்கியோவில் நரிட்டாவில் இறங்கி ஹனேதாவில் ஏறுவதும் ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குத் தரைவழியே போகும் தனிப் பயணங்கள். சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுப் பதிந்துவிடுங்கள். நடக்க முடிந்தவர்களானாலும் மொழி புரியாத பெரிய நிலையத்தில் வாயிலைத் தேடி அலைய வேண்டியிராது.