புது மடிக்கணினியில் எக்ஸாம்ப்: முதல் வரியைத் தமிழிலேயே ஓட்டிப் பாருங்கள்

பவானியில் இருக்கும் அக்கா மகளுக்குக் கல்லூரிப் படிப்புக்காக மடிக்கணினி வாங்கிக் கொடுத்தார்கள். வீட்டில் நெய்யும் ஜமக்காளங்களுக்கு விலைப்பட்டியல் பக்கம் ஒன்று செய்ய அவளுக்கு ஆசை. "எங்கிருந்து தொடங்குவது, மாமா?" என்று கேட்டாள். வாடகைச் சர்வருக்கு (இணையப் பக்கங்களைப் பிரவுசருக்கு அனுப்பும் கணினிக்கு) பணம் கட்டும் முன்னால், எக்ஸாம்ப் என்ற மென்பொருளைக் கொண்டு மடிக்கணினிக்குள்ளேயே ஒரு சர்வரை ஓடவிடலாம். இணையம் இல்லாதபோதும் அது ஓடும். கெட்டுப்போனால் அழித்துவிட்டு மறுபடி நிறுவிக்கொள்ளலாம். நாங்கள் விண்டோஸ் கணினியில் செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன்.

படி 1: நிறுவுதல்

அப்பாச்சி ஃபிரெண்ட்ஸ் தளத்தில் எக்ஸாம்ப் இலவசமாகக் கிடைக்கிறது. அப்பாச்சி வெப் சர்வர், தரவுத்தளம், பிஎச்பி மொழி எல்லாம் ஒரே பொதியில் வந்துவிடும். நிறுவும்போது அப்பாச்சி, மைஎஸ்கியூஎல் (இதுதான் தரவுத்தளம்), பிஎச்பி, பிஎச்பிமைஅட்மின் (தரவுத்தளத்தைப் பிரவுசரில் கையாளும் கருவி) நான்கை மட்டும் தேர்ந்தெடுங்கள். சி டிரைவில் அதுவே காட்டும் இடத்தை மாற்றாதீர்கள். புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் வைத்தால், கோப்பு எழுதும் அனுமதியை விண்டோஸ் தடுக்கும்.

படி 2: ஓடுகிறதா?

எக்ஸாம்ப் கன்ட்ரோல் பேனலில் அப்பாச்சி, மைஎஸ்கியூஎல் இரண்டுக்கும் ஸ்டார்ட் அழுத்துங்கள். பெயர்கள் பச்சையானால் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். வரவேற்புப் பக்கம் வரும். அப்பாச்சி மட்டும் உடனே நின்றுவிட்டால் பதற வேண்டாம். பெரும்பாலும் 80ஆம் போர்ட்டை (சர்வர் பேசும் வாசல் எண்ணை) வேறொரு மென்பொருள் பிடித்திருக்கும். அப்பாச்சிக்கு எதிரே உள்ள கான்ஃபிக் பொத்தானில் முதல் கோப்பைத் திறந்து, 'லிசன் 80' என்ற வரியை 8080 ஆக்குங்கள். பிறகு முகவரியிலும் லோக்கல்ஹோஸ்டுக்குப் பின் முக்காற்புள்ளி இட்டு 8080 சேர்க்க வேண்டும்.

படி 3: தமிழ்ச் சோதனை

பலரும் 'ஹலோ வேர்ல்ட்' எழுதிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த ஆங்கில வரி பெரும்பாலான குறியாக்கங்களிலும் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறைகளிலும்) சரியாகத் தெரியும். தமிழுக்கு வரும் பிழையைக் காட்டிக்கொடுக்காது. தறியில் பாவு பூட்டும்போது ஓர் இழை மாறினால் ஜமக்காளத்தின் நீளம் முழுக்க அந்தக் கோடு ஓடும். தொடக்கப் பிழை இங்கும் அப்படித்தான்; ஆகவே முதல் வரியே தமிழாக இருக்கட்டும்.

எக்ஸாம்ப் கோப்புறைக்குள் எச்டிடாக்ஸ் என்றொரு கோப்புறை உண்டு. அதற்குள் 'கடை' என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஒன்றை உருவாக்கி, ஓர் எச்டிஎம்எல் கோப்பில் "பவானி ஜமக்காளம்" என்று எழுதுங்கள். விஎஸ் கோட் பயன்படுத்தினால் கீழ்ப்பட்டையின் வலப்பக்கம் யூடிஎஃப்-8 (தமிழையும் தாங்கும் குறியாக்கம்) என்று இருக்கிறதா பாருங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் மெட்டா சார்செட் வரியும் அதையே சொல்ல வேண்டும்.

அந்த வரியை நீக்கிவிட்டும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொன்னேன். மேற்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. அவள் முகம் வாடிவிட்டது. ஆனால் அப்படித் தெரிந்தால் எழுத்து பத்திரமாகவே இருக்கிறது. படிக்கும் முறைதான் தவறு. மாறாக, தரவுத்தளத்தில் கேள்விக்குறிகளாகவே பதிந்துவிட்டால் எழுத்து தொலைந்துவிட்டது, மறுபடி தட்டத்தான் வேண்டும். இந்த வேறுபாட்டை அறிந்திருந்தால் பல மணி நேரத் தேடல் மிச்சமாகும்.

படி 4: தரவுத்தளம்

பிஎச்பிமைஅட்மினில் புதிய தரவுத்தளம் உருவாக்கும்போது யூடிஎஃப்8எம்பி4 யூனிகோட் சிஐ என்ற வரிசையமைப்பை (எழுத்துகளை ஒப்பிட்டு அடுக்கும் விதியை) தேர்ந்தெடுங்கள். பெயருக்கான புலத்தின் நீளத்தைத் தாராளமாக வையுங்கள். 'ஜமக்காளம்' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. புள்ளியையும் காலையும் தனித்தனியே எண்ணும் தரவுத்தளத்துக்கு அது ஒன்பது. பைட் கணக்கில் 27. பிஎச்பியிலும் பைட்டாக அல்லாமல் தரவுத்தளத்தைப் போல ஒன்பது என்று எண்ணுவதற்கு, எம்பி என்று தொடங்கும் செயற்கூறுகளையே பயன்படுத்துங்கள்.

படி 5: நிறுத்துதல்

வேலை முடிந்ததும் இரண்டுக்கும் ஸ்டாப் அழுத்திவிட்டுக் கணினியை அணையுங்கள். யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினி என்றால், மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிற்கும் நாளில் கூடுதல் கவனம் தேவை. பாதியில் நின்றால் தரவுக் கோப்புகள் சிதையலாம். வாரம் ஒருமுறை பிஎச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் கொடுத்து, வரும் கோப்பைப் பென்டிரைவில் வையுங்கள். எக்ஸாம்பை நிறுவியதும் தரவுத்தளத்தின் ரூட் (முழு அதிகாரம் உள்ள) பயனருக்குக் கடவுச்சொல் இருக்காது. அதனால் இந்த அமைப்பை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். உங்கள் மேசையோடு இருக்கட்டும்.