மலைச்சரிவுல வழுக்காம புல்லு வெட்டணுமா? நடுவுல மடங்குற டிராக்டருக்கு கிரிப் ஏத்துறது எப்படி

பினாங்குல பாலிக் புலாவ், தெலுக் பாஹாங், பாயா தெருபோங் பக்கம் சரிவுல டுரியான் தோட்டம் வச்சிருக்கவங்களுக்கும், அந்த மாதிரி இடத்துல காண்ட்ராக்ட் எடுத்து புல்லு வெட்டப் போற தம்பிங்களுக்கும் இத எழுதுறேன். பழம் விழ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மரத்தடி சுத்தமா இருந்தாத்தான் பழம் கண்ணுல படும், அதுக்கு ஒவ்வொரு வருஷமும் முதுகுல மெஷின மாட்டிக்கிட்டு ஆளுங்க படுற கஷ்டம் எனக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் முன்னால மோவர், அதாவது புல்லு வெட்டுற மெஷின், மாட்டுற ஆர்ட்டிகுலேட்டட் (நடுவுல மடங்குற) டிராக்டர் பக்கம் இப்ப நிறைய பேருக்கு ஆசை வருது. ஆசை நல்லதுதான், ஆனா வாங்கின கையோட அப்படியே சரிவுல ஏத்திடாதீங்க.

இந்த வண்டியில ஸ்டீயரிங்க திருப்பினா முன்சக்கரம் மட்டும் திரும்பாது, வண்டியே நடு ஜாயிண்ட்ல மடங்கும், அதே ஜாயிண்ட் முறுக்கியும் கொடுக்கும், அதனால மேடு பள்ளத்துல நாலு சக்கரமும் தரைய விட்டுத் தூக்காம ஓடும். நாலுக்கும் பவர் போகுது. அப்புறம் ஏன் வழுக்குது? எந்த சக்கரத்து மேல எடை கொறையுதோ அந்த சக்கரம் சும்மா சுத்த ஆரம்பிக்கும், அவ்வளவுதான் விஷயம். மேல ஏறும்போது எடை பின்னால போயிடும், முன்சக்கரம் லேசாயிடும். குறுக்க போகும்போது மேல் பக்கத்து சக்கரம் லேசாயிடும். குதிரைத்திறன் கூட இருக்கிற வண்டி வாங்கினா சரியாயிடும்னு நினைக்கிறவங்க இந்த இடத்துலதான் தப்பா கணக்கு போடுறாங்க, எடை எங்க உக்காருதுங்கிறதுதான் கேள்வியே.

முதல்ல சரிவ அளங்க, கண்ணால பாத்து சொல்லாதீங்க. 1 மீட்டர் நீளத்துல நேரான பலகை ஒண்ணு, தண்ணி மட்டம் (ரசமட்டம்) ஒண்ணு போதும். பலகையோட ஒரு நுனிய மேட்டுப் பக்கம் தரையில வச்சு, மட்டம் பாத்து பலகைய நேரா புடிச்சுக்கிட்டு, பள்ளத்துப் பக்க நுனியில இருந்து தரை வரைக்கும் டேப் வச்சுப் பாருங்க. 27 சென்டிமீட்டர் வந்தா 15 டிகிரி, 36 வந்தா 20, 47 வந்தா 25, 58 வந்தா 30. பாத்தீங்களா, 47 சதவீத சரிவுன்னா 25 டிகிரிதான், சதவீதத்தையும் டிகிரியையும் போட்டு கொழப்பிக்கிட்டா ஆபத்து. தோட்டத்துலயே ரொம்ப செங்குத்தான இடம் எதுவோ அங்கதான் அளக்கணும், சராசரி எல்லாம் உதவாது. பழைய மரத்த புடுங்கின குழி ஒண்ணு புல்லுக்குள்ள மறைஞ்சிருந்தா அந்த ஒரு இடத்துல சரிவு சட்டுனு கூடிடும், அதனால நடந்து பாத்து குச்சி நட்டு அடையாளம் வச்சிடுங்க.

அளந்த நம்பர வண்டி மேனுவலோட ஒப்பிட்டுப் பாருங்க. உதாரணத்துக்கு அமெரிக்கால ஒஹாயோல செய்யிற வென்ட்ராக் 4500 வரிசைக்கு சாதா சக்கரத்துல 20 டிகிரி, டூயல் வீல் (ஒவ்வொரு சக்கரத்தோடயும் இன்னொரு சக்கரம்) மாட்டினா 30 டிகிரின்னு வரம்பு போட்டிருக்காங்க. முன்னால மாட்டுற மோவருக்குன்னு தனியா ஒரு வரம்பு இருக்கும், ரெண்டுல எது கம்மியோ அதுதான் உங்க வரம்பு. அதுவும் காஞ்ச தரைக்கு, நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஆளுக்கு. புதுசா ஓட்டுறவங்க 15 டிகிரிக்குக் கீழ பழகிட்டு மேல போங்க.

அடுத்து வெயிட் டிரான்ஸ்ஃபர். காசே செலவில்லாம கிரிப் கூடுறது இதுலதான், ஆனா நிறைய பேரு இத தொட்டே பாக்குறதில்ல. மோவர் டெக் (பிளேடு இருக்கிற பெட்டி) அதோட சின்ன சக்கரத்துல உக்காந்து உருளும்போது அதோட எடை டிராக்டருக்கு எந்த வகையிலயும் உதவாது, வெறுமனே தள்ளிக்கிட்டு போற சுமைதான். அந்த எடையில ஒரு பங்க தூக்கி டிராக்டரோட முன்சக்கரத்து மேல போடுறதுதான் வெயிட் டிரான்ஸ்ஃபர், சில வண்டியில ஸ்பிரிங்கும் செயினும் இருக்கும், சிலதுல ஹைட்ராலிக். சமமான இடத்துல நிறுத்தி ஒரு ஒரு படியா கூட்டுங்க, ஒவ்வொரு தடவையும் பி.டி.ஓ.வ (இன்ஜின் பவர மோவருக்கு கொடுக்கிற இணைப்ப) ஆஃப் பண்ணி, இன்ஜின நிறுத்தி, சாவிய எடுத்துட்டு, இறங்கிப் போய் டெக்கோட சின்ன சக்கரத்த கையால சுத்திப் பாருங்க. தரையில அழுத்தி உக்காந்திருந்தா சுலபமா சுத்தாது. விரலால தட்டினாலே சுத்துதுன்னா அளவுக்கு மேல தூக்கிட்டீங்க, ஒரு படி கொறைங்க, இல்லனா டெக் குதிச்சு குதிச்சு புல்லு அலை அலையா வெட்டுப்படும்.

டயருக்கு வருவோம். வழவழப்பான டர்ஃப் டயர் புல்தரைய கெடுக்காது, ஆனா ஈர சரிவுல பட்டைக்குள்ள புல்லு அடைச்சுக்கும். தோட்டத்துக்கு பட்டை ஆழமா இருக்கிற டயர்தான் சரி. காத்து கொஞ்சம் கொறைச்சா டயர் பரவலா தரையில படும், கிரிப் கூடும், ஆனா மேனுவல் சொல்ற குறைஞ்ச அளவுக்கும் கீழ போகக் கூடாது, ஏன்னா குறுக்க போகும்போது கீழ்ப்பக்கத்து டயர் நசுங்கி ரிம்ம விட்டே கழண்டுடும், வண்டியும் அந்தப் பக்கமே இன்னும் சாயும். நாலு டயர்லயும் காத்து காலையில சூடேறுறதுக்கு முன்னாடி பாருங்க. அப்புறம் ஒரு பத்தடி ஓட்டிட்டு இறங்கி டயர் தடத்த பாருங்க, பட்டை அச்சு தெளிவா பதிஞ்சிருந்தா புடிக்குது, அச்சு கலைஞ்சு மண்ணு மெழுகினாப்புல பளபளன்னு கோடா இருந்தா சக்கரம் சுத்திக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

இதெல்லாம் செஞ்சும் பத்தலனா டூயல் வீல். நாலு பக்கமும் ஒரு சக்கரத்தோட இன்னொன்னு சேத்து போல்ட் போடுறது, கிரிப் கூடுறத விட முக்கியமா வண்டியோட அகலம் கூடுது, கவுர்றது கொறையுது. என்ன கேட்டா சரிவு வேலைக்கு முதல் செலவு இதுக்குத்தான் பண்ணணும். வாங்குறதுக்கு முன்னாடி மரத்துக்கு மரம் இடைவெளி, படிக்கட்டு மாதிரி வெட்டின மேட்டோட அகலம் ரெண்டையும் அளந்துக்குங்க.

டயருக்குள்ள தண்ணி நிரப்பி எடை ஏத்துறது கடைசி வழி, அதுவும் உங்க வண்டி மேனுவல் அனுமதிச்சா மட்டும். குளிர் நாட்டுல தண்ணி உறையாம இருக்க உப்பு கலக்குறாங்க, நமக்கு அந்த கவலை இல்ல, சாதா தண்ணியே போதும், ஆனா ரிம் துருப்பிடிக்காம பாத்துக்கணும். ஜாக்கி வச்சு தூக்கி, வால்வு உச்சியில இருக்கிற மாதிரி திருப்பி, வால்வு மட்டம் வரைக்கும் நிரப்பினா ஏறக்கொறைய முக்கால் பங்கு, அதுக்கு மேல வேண்டாம், மிச்சம் காத்து. ஆனா ஒண்ணு, டுரியான் மரத்துக்கு சத்து இழுக்கிற வேரெல்லாம் மண்ணுக்கு மேலாப்புலதான் ஓடும், கனமான வண்டி ஒரே தடத்துல திரும்பத் திரும்பப் போனா மண்ணு இறுகி மரம் வாடும், அதனால தேவைக்கு மேல எடை ஏத்தாதீங்க, தடத்தையும் மாத்தி மாத்தி ஓட்டுங்க.

இங்க நான் அழுத்தி சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. வழுக்காம இருக்கிறதும் கவுராம இருக்கிறதும் வேற வேற. முன்ன எல்லாம் வண்டி வழுக்கி நின்னுடும், அதுவே ஒரு எச்சரிக்கையா இருந்துச்சு, இப்ப கிரிப் ஏத்திட்டதால அந்த எச்சரிக்கை வராமலே ஆபத்தான சரிவு வரைக்கும் ஏறிடும். அதனால டிகிரி வரம்பு வரம்புதான், சக்கரம் எவ்வளவு நல்லா புடிச்சாலும் சரி. தலைக்கு மேல இருக்கிற பாதுகாப்பு வளையத்த நிமித்தி லாக் பண்ணி பெல்ட் போடுங்க, வளையம் மடக்கி இருக்கும்போது மட்டும் பெல்ட் போடக் கூடாது.

ஓட்டுறது எப்படின்னா, காலையில பனி காயட்டும், மதியம் மழை கொட்டின அன்னிக்கு சரிவுப் பக்கமே போகாதீங்க, வெட்டின லாலாங் புல்லு ஈரத்தோட படிஞ்சு கிடந்தா அதுதான் எல்லாத்தையும் விட மோசமா வழுக்கும். லோ கியர்ல ஒரே வேகத்துல போங்க, டெக்க தாழ்த்தியே வைங்க. இறங்கும்போது நியூட்ரல் போடவே கூடாது, ஹைட்ராலிக் டிரைவ்தான் உங்க பிரேக். சரிவு நடுவுல வெடுக்குன்னு திருப்பாதீங்க, வண்டி மடங்கினா எடை நடுக்கோட்ட விட்டு விலகிடும், மேலயோ கீழயோ சமமான இடத்துக்குப் போய் திருப்புங்க. லோங்காங் (வாய்க்கால்) ஓரத்துலயும் மேட்டு விளிம்புலயும் ரெண்டு வண்டி அகலம் விட்டுட்டு, அந்த மிச்சத்த கை மெஷின்ல வெட்டிக்கலாம். சக்கரம் வழுக்க ஆரம்பிச்சா கேஸ் அழுத்தாதீங்க, உடனே பி.டி.ஓ.வ ஆஃப் பண்ணிட்டு நேரா கீழ மெதுவா இறங்கிடுங்க.

டூயல் வீல் மாட்டின அன்னிக்கு முதல் ஒரு மணி நேரம் ஓட்டினதும் நிறுத்தி, டார்க் ரெஞ்சால எல்லா நட்டையும் மேனுவல்ல போட்டிருக்கிற அளவுக்கு மறுபடி இறுக்குங்க, அன்னிக்கு வேலை முடிஞ்சதும் இன்னொரு தடவை பாருங்க.