ட்ராக்கில் ஓடப்போகிற காருக்கு வீல் எலைன்மென்ட் எப்படி வைப்பது

கார் கொம்பனி கொடுத்த அளவுக்குள் எலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கிற கோணம், நின்றால் ரோட்டுக்கு அது போதும். ட்ராக்குக்குப் போதாது. வேகமாக வளைவெடுக்கும்போது காரின் உடம்பு வெளிப்பக்கம் சரிய, பாரம் தாங்குகிற வெளிப்பக்க ரயரும் சேர்ந்து சரிந்து அதன் வெளி ஓரத்தில்தான் நிற்கிறது. மிச்ச ரப்பர் சும்மா இருக்கிறது. அந்தச் சரிவை முன்கூட்டியே ஈடுகட்டத்தான் சக்கரத்தின் மேல்பக்கத்தை உள்ளே சாய்த்து வைக்கிறோம், அதுதான் நெகற்றிவ் கேம்பர்.

எங்கள் பக்கத்தில் இருந்து ஓடப் போகிறவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து களுத்துறைப் பக்கம் இருக்கிற கட்டுகுருந்த ட்ராக் 400 கிலோமீற்றருக்கு மேல். காரை லொறியில் ஏற்றிக்கொண்டு போக வசதி இல்லாதவர், ஏ9 வழியே அதே காரை ஓட்டிப்போய், அதே எலைன்மென்ட்டில் ட்ராக்கில் ஓடி, அதே ரயரில்தான் வீட்டுக்கு வரவேண்டும். அதனால் நான் கேட்கிற எல்லோருக்கும் சொல்வது: கேம்பரை ட்ராக்குக்கு வையுங்கள், டோவை ரோட்டுக்கு வையுங்கள். டோ என்பது, மேலேயிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன் ஓரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு. நீண்ட தூரத்தில் ரயரைத் தின்பது பெரும்பாலும் டோதான். இரண்டு பாகை கேம்பர் இருந்தாலும் டோ பூச்சியத்தில் நின்றால் உள் ஓரம் மெதுவாகத்தான் தேயும். அதே கேம்பரோடு டோவையும் வெளியே விட்டீர்களென்றால் உள் ஓரம் கிடுகிடுவென்று போய்விடும்.

எலைன்மென்ட்டுக்குக் கொடுக்கும் முன், சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கிற புஷ், போல் ஜொயின்ட், ரை ரொட் எல்லாம் ஆட்டம் இல்லாமல் இருக்கிறதா என்று காரைத் தூக்கிப் பாருங்கள். ஆடுகிற புஷ்ஷோடு எந்த அளவு வைத்தாலும் அது பிரேக் பிடித்தவுடன் மாறிவிடும். கடற்கரைக்குக் கிட்ட நிற்கிற கார் என்றால் உப்புக்காற்றில் அட்ஜஸ்ட் பண்ணுகிற போல்ட்டுகள் புஷ்ஷுக்குள்ளேயே துருப்பிடித்து இறுகியிருக்கும், ஒரு கிழமைக்கு முன்பே துரு இளக்குகிற எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். ஸ்பிரிங் மாற்றிக் காரைப் பதிக்கிற எண்ணம் இருந்தால் அதையும் முதலே முடியுங்கள். உயரம் மாறினால் கேம்பரும் டோவும் கூடவே மாறும்.

சரி, அளவுகள். ரோட்டு ரயரில் ஓடும் பின்சக்கர இழுவைக் காருக்கு, முன்னுக்கு நெகற்றிவ் 2 முதல் 2.5 பாகை, பின்னுக்கு 1.5 முதல் 2 பாகை கேம்பர் நல்ல தொடக்கம். செமி ஸ்லிக் (தவாளிப்புக் குறைந்த ட்ராக் ரயர்) போட்டால் பிடிப்புக் கூட, சரிவும் கூடும், முன்னுக்கு 3 பாகை வரை போகலாம். முன் டோ பூச்சியம். பின் டோ இரண்டு சக்கரமும் சேர்த்து 2 மில்லிமீற்றர் அளவில் உள்ளே. பின் டோ வெளியே நிற்கவே கூடாது. கட்டுகுருந்த இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதை, நேர்பாதையில் வேகம் ஏற்றி முடிவில் கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் அலையாமல் வைத்திருப்பது அந்தச் சின்ன உள் டோதான். காஸ்டர், அதாவது முன்சக்கரம் திரும்புகிற அச்சு பின்னுக்குச் சாய்ந்து நிற்கிற அளவு, அட்ஜஸ்ட் பண்ண முடிந்தால், கூடக் கூட நல்லது. ஸ்டியரிங்கை வெட்டும்போது வெளிச் சக்கரத்துக்கு அது தானாகக் கேம்பர் கொடுக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கவேண்டும்.

மஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவருக்கு இந்த வேலை சுகம், நான்கு சக்கரத்திலும் கேம்பரைக் கொம்பனி போல்ட்டிலேயே திருப்பலாம். ரொயோட்டா 86இன் முன்பக்கத்தில் அந்த வசதி இல்லை, கேம்பர் போல்ட்டோ மேல் தட்டோ வாங்கிப் போடவேண்டும். அதோடு முன்னுக்கு ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் ஒன்றாகச் சேர்ந்து சக்கரத்தைப் பிடிக்கிற தூண்) உள்ள இப்படியான காருக்குக் கொஞ்சம் கூடவே கேம்பர் தேவை. சாயும்போது சக்கரத்தை நிமிர்த்தி வைக்க ஸ்ட்ரட்டால் அவ்வளவாக முடியாது.

கராஜில் என்ன நடக்கும் என்றால், மெஷின் கார் கொம்பனி அளவைத்தான் பச்சையாகக் காட்டும், உங்கள் அளவு சிவப்பில் நிற்கும். "தம்பி, சிவப்பில நிக்குது, கொஞ்சம் குறைச்சு விடட்டோ?" என்று நல்லெண்ணத்தில்தான் கேட்பார். "இல்லை அண்ணை, அப்பிடியே விடுங்கோ, ட்ராக்குக்கு" என்று சொல்லி, அளவை எழுதின கடதாசியைக் கையில் கொடுங்கள். ரயர்க் காற்றைச் சரிபார்த்து, தாங்கியில் பாதிப் பெற்றோல் விட்டு, ஓட்டுபவர் இருக்கையில் உங்கள் நிறைக்கு ஒருவரை இருத்தி அளக்கச் சொல்லுங்கள். முதலில் பின்சக்கரம், பேந்து முன் காஸ்டர், கேம்பர், கடைசியில் டோ. கேம்பரைத் தொட்டால் டோ அசையும், அதனால்தான் இந்த ஒழுங்கு. முடிந்ததும் கடதாசியை வடிவாகப் பாருங்கள்: சில மெஷின் 1°30' என்று அடிக்கும், அது ஒன்றரைப் பாகை, 1.3 இல்லை.

இனித்தான் முக்கியமான வேலை. மேலே சொன்ன அளவு தொடக்கம் மட்டும், சரியான அளவை ரயர்தான் சொல்லும். சில சுற்று வேகமாக ஓடி, ஆறவிடாமல் உள்ளே வந்து, ஊசி குத்திப் பார்க்கிற வெப்பமானியால் ரயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றிலும் அளவுங்கள். பாரம் கூடத் தாங்குகிற பக்கத்து ரயர்தான் கணக்கு. நடு மட்டும் சூடு என்றால் காற்றுக் கூட, அதை முதலில் சரிசெய்யுங்கள். உள் ஓரம் வெளி ஓரத்தைவிட 5 முதல் 10 பாகை செல்சியஸ் கூட இருந்தால் நல்லாக இருக்கிறது. வெளி ஓரம் கூடச் சூடென்றால் இன்னும் கேம்பர் வேண்டும். உள்ளே அளவுக்கு மிஞ்சிச் சூடாகி, நேராகப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சீக்கிரம் லொக் ஆகிறதென்றால் கேம்பரைக் குறையுங்கள். ஒரு தடவைக்கு அரைப் பாகை, ஒரு மாற்றம் மட்டும்.

ட்ராக்கில் மெஷின் கிடையாது, அதற்குத் தங்கூசி போதும். காரின் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகத் தங்கூசியை இழுத்துக் கட்டி, ரிம்மின் முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் உள்ள தூரத்தை அளந்தால் டோ வந்துவிடும். கேம்பருக்கு மேசன்மாரின் தூக்குக்குண்டு. ரிம் 450 மில்லிமீற்றர் என்றால் மேலுக்கும் கீழுக்கும் 8 மில்லிமீற்றர் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு பாகை. தரை மட்டமாக இருக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டியரிங்கை முழுக்க வெட்டிவிட்டு முன் ரயர்களின் உள் ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள், வெளியில் நின்று பார்த்தால் அது தெரியாது. தேய்ந்திருந்தால் ரிம்மிலிருந்து கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி மாற்றிப் போடலாம். உள், வெளி என்று பக்கம் குறித்த ரயருக்கு அது சரிவராது.