வீட்டில் பாட்டு அட்டை விளையாட்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டிகைக்கு வீடு நிறைய ஆட்கள் வந்திருக்கும்போது ‘ஹிட்ஸ்டர்’ மாதிரி ஒரு பாட்டு விளையாட்டு கையில் இருந்தால் மாலைப் பொழுது போவதே தெரியாது. ஆடும் முறை எளிது. அட்டையின் ஒரு பக்கம் கியூஆர் கோடு. போனில் ஸ்கேன் செய்தால் பாட்டு ஓடும். மறுபக்கம் பாட்டின் பெயர், கலைஞர், வெளிவந்த ஆண்டு. அட்டையைத் திருப்பிப் பார்க்காமல், பாட்டை மட்டும் கேட்டு, நம் முன்னால் ஆண்டுவாரியாக இருக்கும் அட்டை வரிசையில் அது எதற்கு முன், எதற்குப் பின் என்று வைக்க வேண்டும். சரியாக வைத்தால் அட்டை நமக்கு. முதலில் 10 அட்டை சேர்ப்பவர் ஜெயிப்பார்.

நாங்கள் வாங்கிய பெட்டியில் ஆங்கிலப் பாட்டுகள்தான் இருந்தன. அதனால் தமிழ்ப் பாட்டுக்கு அட்டைகளை நாங்களே செய்தோம். பலரும் இதைச் செய்கிறார்கள். தவறுகள் தொடங்குவதும் அங்கேதான்.

முதலாவது, ஆண்டு. பாட்டுச் செயலியில் போட்டிருக்கும் ஆண்டை அப்படியே அட்டையில் எழுதிவிடாதீர்கள். பழைய பாட்டுகள் பல, பின்னாளில் வந்த தொகுப்புகளில்தான் அங்கே கிடைக்கும். காட்டும் ஆண்டு அந்தத் தொகுப்புடையது. 1960களின் பாட்டுக்குப் பக்கத்தில் 2000க்குப் பிந்தைய ஆண்டைப் பார்க்கலாம். படம் எப்போது வந்தது என்று தனியாகத் தேடி எழுதுங்கள்.

அதிலும் ஒரு சிக்கல். ‘மாஸ்டர்’ பாட்டுகள் 2020 மார்ச்சில் வந்துவிட்டன. கொரோனாவால் தள்ளிப்போய், படம் வந்தது 2021 ஜனவரியில். ‘பேட்ட’ பாட்டுகள் 2018 டிசம்பர், படம் 2019 ஜனவரி. பொங்கல் படங்களில் இது அடிக்கடி நடக்கும். படம் வந்த ஆண்டா, பாட்டு வந்த ஆண்டா என்று முதலிலேயே ஒன்றை முடிவு செய்து எல்லா அட்டைக்கும் அதையே பின்பற்றுங்கள். ரீமிக்ஸ் இன்னொரு வம்பு. ‘தொட்டால் பூ மலரும்’ 1964இல் ‘படகோட்டி’க்கு வந்தது, 2004இல் ‘நியூ’வில் மறுபடி வந்தது. ‘பொன்மகள் வந்தாள்’ 1970இல் ‘சொர்க்கம்’, 2007இல் ‘அழகிய தமிழ்மகன்’. இரண்டு வடிவத்துக்கும் தனித்தனி அட்டை போடுங்கள், விளையாட்டே சூடு பிடிக்கும். ஆனால் எந்தப் பதிவுக்கு எந்த அட்டை என்று ஒருமுறை ஓடவிட்டுச் சரிபார்த்துவிடுங்கள். அட்டையே தப்பு என்று ஆன பிறகு யாரும் எந்த அட்டையையும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது தவறுதான் என்னைப் பொறுத்தவரை பெரியது: முன்னா பின்னா என்ற கேள்வியை, எந்த ஆண்டு என்ற கேள்வியாக மாற்றுவது. ஒரு தீபாவளிக்கு, சவாலாக இருக்கட்டுமே என்று, ஆண்டைச் சரியாகச் சொன்னால்தான் அட்டை என்று வைத்தோம். நான்கு சுற்று முடிவதற்குள் பெரியம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். அடுத்த முறை பழைய விதிக்கே திரும்பினோம். அவர் முன்னால் 1976 ‘அன்னக்கிளி’ பாட்டு ஒன்று, அடுத்து 1982 அட்டை ஒன்று. புதுப் பாட்டின் முதல் இசை ஓடியதுமே கண்ணை மூடிக்கொண்டு, “சின்னவன் வயித்துல இருந்தப்ப ரேடியோல ஓயாம போட்ட பாட்டு இது” என்றார். இரண்டுக்கும் நடுவில் விரலால் தட்டிக் காட்டினார். 1978. பெரியவர்கள் பாட்டை வைத்திருப்பது கல்யாணம், பிரசவம், வீடு மாறியது என்ற கணக்கில்தான். எண் கேட்டால் அந்தக் கணக்கு உதவாது. வரிசை கேட்டால், எல்லோரையும்விட அவர்கள்தான் முன்னால் நிற்பார்கள்.

இதையொட்டியே பாட்டுத் தேர்வும். அட்டை செய்பவர் தன் கல்லூரிக் காலத்துப் பாட்டாகவே எழுதித் தள்ளிவிடுவார், இது இயல்பு. பத்தாண்டுக்கு இத்தனை என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு காலத்துக்கும் அந்த வயதுக்காரரிடமே கேட்டு எழுதுங்கள். குழு பிரிக்கும்போதும் பெரியவர் ஒருவர், பிள்ளை ஒருவர் என்று கலந்து போடுங்கள். பிள்ளைகள் ஒரு பக்கம், பெரியவர்கள் ஒரு பக்கம் என்றால் பாதி நேரம் ஒரு பக்கம் சும்மா உட்கார்ந்திருக்கும்.

பெட்டி விளையாட்டில் பாட்டின் பெயரும் கலைஞர் பெயரும் சொன்னால் ஒரு டோக்கன், அதாவது பின்னால் சலுகைக்குப் பயன்படும் வில்லை, உண்டு. தமிழில் இதை அப்படியே வைத்தால் இடிக்கும். நம் பாட்டுக்குப் பெயர் என்பது பல்லவியின் முதல் சொற்கள்தானே. பல்லவி ஓடியதுமே பெயர் வெளியே வந்துவிடும். ஆகவே பெயருக்குப் பதில் படத்தைக் கேளுங்கள். கலைஞர் யார் என்பதிலும் சண்டை வரும். எங்கள் வீட்டில் ஒரே பாட்டுக்கு ஒருவர் டி.எம்.எஸ். என்றார், ஒருவர் எம்.எஸ்.வி. என்றார், மாமா “சிவாஜி பாட்டு” என்று முடித்துவிட்டார். மூவர் சொன்னதும் சரிதான். பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர், இந்த மூவரில் இருவரைச் சொன்னால் டோக்கன் என்று வைத்தோம். அதற்கு அப்புறம் எழுதியவர் யார் என்று பிள்ளைகளும் தேடத் தொடங்கினார்கள்.

நேரத்தைக் கணக்கிடாமல் உட்காருவது இன்னொரு தவறு. நான்கு குழு, 10 அட்டை இலக்கு, பாதிக்குப் பாதிதான் சரியாக வைக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். ஒரு குழு 10 சேர்க்க ஏறக்குறைய 20 சுற்று, அதாவது 80 பாட்டு. பாட்டுக்கு ஒன்றரை நிமிடம் என்றாலும் இரண்டு மணி நேரம். நான்கு குழுவுக்கு இலக்கை 6 என்று குறைத்தால் 48 பாட்டில் முடியும். 60 அட்டை போதும்.

போனைப் பற்றிச் சுருக்கமாக: திரையைக் கவிழ்த்து வையுங்கள், பாட்டின் பெயர் அதில் தெரியும். விளம்பரம் வரும் இலவசச் செயலி வேண்டாம். ஒலிபெருக்கியை முன்கூட்டியே இணைத்துவிடுங்கள்.

அட்டை செய்ய நேரமில்லை என்றால் அந்தாக்ஷரி இருக்கவே இருக்கிறது. அதில் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். பாட்டு ‘ணே’ என்றோ ‘ளே’ என்றோ முடிந்தால் அதில் தொடங்கத் தமிழில் சொல்லே கிடையாது. மழை, நிலா, கண், ரயில் என்று சீட்டெழுதிப் போட்டு, அந்தச் சொல் வரும் பாட்டைப் பாடச் சொன்னால் விளையாட்டு தடையில்லாமல் ஓடும். பாடக் கூச்சப்படுபவரை வற்புறுத்தாதீர்கள். முணுமுணுத்தால் போதும். 1998இல் அமெரிக்காவில் வந்த ‘கிரேனியம்’ பலகை விளையாட்டில் பாட்டை முணுமுணுத்துக் காட்டுவதே ஒரு தனிப் போட்டி.

விடை தெரிந்ததும் பாட்டைப் பட்டென்று நிறுத்துவதுதான் எனக்கு மனம் கேட்காத தவறு. சரணம் தொடங்கும் நேரத்தில் நிறுத்தினால் கூடவே பாடிக்கொண்டிருந்தவர் முகம் வாடிவிடும். அட்டையைத் திருப்பி, எல்லோரும் ஆண்டைப் பார்த்து முடிக்கும்வரையாவது ஓடட்டும். ஆடிய பாட்டுகளை ஒரு பட்டியலில் சேர்த்து வையுங்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் முழுதாகப் போட்டால், வெற்றிலை மடித்துக்கொண்டே பெரியம்மா பாடுவார்.