விர்ச்சுவல் ஜாய்ஸ்டிக் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விர்ச்சுவல் ஜாய்ஸ்டிக்கை உருவாக்கும் வீஜாயை (vJoy) நிறுவிய கையோடு கேமைத் திறந்தால் எதுவும் அசையாது. பலர் இங்கேயே சலித்துப்போய் அதை நீக்கிவிடுகிறார்கள். வீஜாய் வெறும் டிரைவர்தான். இல்லாத ஜாய்ஸ்டிக்கை இருப்பதாக விண்டோஸுக்குக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. அதை இயக்க ஃபீடர் எனப்படும் இன்னொரு மென்பொருள் வேண்டும். மவுஸ், கீபோர்டு அசைவை அனுப்ப ஃப்ரீபை. நிஜ ஜாய்ஸ்டிக்கை இணைக்க ஜாய்ஸ்டிக் கிரெம்லின்.

அடுத்தது, கேமுக்குப் பொருந்தாத டிரைவர். வீஜாய் தருவது டைரக்ட்இன்புட் வகை, அதாவது கேம்கள் கன்ட்ரோலரைப் படிக்கும் பழைய விண்டோஸ் முறை: ஒரு சாதனத்துக்கு 8 ஆக்ஸிஸ் (அசைவு அச்சு), 128 பட்டன் வரை கிடைக்கும். விமான சிமுலேட்டருக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கான புதிய முறையான எக்ஸ்இன்புட்டை மட்டும் ஏற்கும் கேம்களின் கண்ணில் வீஜாய் படவே படாது. அவற்றுக்கு எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலரைப் போலவே நடிக்கும் விஜெம்பஸ் (ViGEmBus) டிரைவர்தான் சரி.

என்னைக் கேட்டால், ஆட்களை அதிகம் குழப்புவது இரட்டை உள்ளீடு. நிஜ ஜாய்ஸ்டிக், விர்ச்சுவல் ஜாய்ஸ்டிக் இரண்டும் கேமுக்குத் தெரியும். ஒரு பட்டனை அழுத்தினால் மெனு இரண்டு படி தாவும். பட்டன் ஒதுக்கும்போது கேம் தவறான சாதனத்தைப் பிடித்துக்கொள்ளும். சாதனங்களை மறைக்கும் ஹிட்ஹைட் (HidHide) மென்பொருளைக் கொண்டு நிஜ சாதனத்தை மறைத்துவிடுங்கள். அப்புறம், ஃபீடரை ஹிட்ஹைடின் அனுமதிப் பட்டியலில் சேர்க்க மறக்க வேண்டாம். சேர்க்காவிட்டால் ஃபீடருக்கும் ஜாய்ஸ்டிக் தெரியாமல் போய், எல்லாமே நின்றுவிடும். ஸ்டீம் வழியாக விளையாடினால் அதன் கன்ட்ரோலர் வசதியான ஸ்டீம் இன்புட்டையும் பாருங்கள். அதுவும் தன் பங்குக்கு ஒரு விர்ச்சுவல் கன்ட்ரோலரை உருவாக்கக்கூடும். அந்தக் கேமுக்கு மட்டும் அதை அணைத்துவிடலாம்.

குச்சியின் சிறு அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் எல்லையான டெட்ஸோனை ஓரிடத்தில் மட்டும் வையுங்கள். ஃபீடரிலும் கேமிலும் வைத்தால் இரண்டும் கூடி, குச்சியை லேசாகச் சாய்ப்பதற்கு எந்தப் பலனும் இருக்காது. குறி பார்ப்பதும் திருப்புவதும் மந்தமாகிவிடும்.

கேமுக்குள் போய்ச் சோதிப்பதும் வீண் அலைச்சல். விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி, joy.cpl என்று தட்டி என்டர் அழுத்துங்கள். வரும் பட்டியலில் விர்ச்சுவல் சாதனத்தைத் தேர்ந்து பண்புகளைத் திறந்தால், குச்சியோடு ஆக்ஸிஸ் நகர்கிறதா என்று தெரியும். அங்கே நகராவிட்டால் கோளாறு ஃபீடரிலோ டிரைவரிலோதான்; கேமின் அமைப்புகளைத் தொட வேண்டாம். அங்கே நகர்ந்து கேமில் நகரவில்லை என்றால் மட்டும் கேமின் பட்டன் ஒதுக்கீட்டைப் பாருங்கள்.

ஆன்லைன் போட்டிக் கேம் என்றால் இதையெல்லாம் தொடங்குமுன் அதன் விதிகளைப் படித்துவிடுங்கள். விர்ச்சுவல் சாதனங்களை ஏமாற்று வேலையாகக் கருதிக் கணக்கை முடக்கும் கேம்களும் உண்டு.