குழந்தைகளோடு முதல் முறை மலைக்குடிலில் தங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

வெல்லிங்டனிலிருந்து ரெமுட்டாக்கா மலைச்சாலையில் ஏறி இறங்கி மாஸ்டர்டன் பக்கம் போனால், தராருவா மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் ஹோல்ட்ஸ்வொர்த் என்ற இடம் வரும். காரை அங்கே விட்டுவிட்டு ஓடையை ஒட்டி ஏழரை கிலோமீட்டர் நடந்தால் அட்டிஃபகாட்டு குடில். பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. அதனால் நியூசிலாந்துக்குப் புதிதாக வந்த நம் குடும்பங்கள் பல பேர் முதல் முறை அங்கேதான் போகிறார்கள். போகிறவர்கள் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள். பாதி எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். தண்ணீர் எடுங்கள், நல்ல ஷூ போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

குடிலை லாட்ஜ் என்று நினைப்பது

படுக்க மெத்தை உண்டு, போர்வை கிடையாது. கூரையில் விழும் மழை நீர் தொட்டியில் இருக்கும், பாத்திரம் கிடையாது. விளக்கு, அடுப்பு, கேஸ் எல்லாம் உங்கள் பொறுப்பு. குளிர் காய விறகு கணப்பு இருக்கிறது. கழிப்பறை வெளியே, குழிக் கழிப்பறை. இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையை அங்கே கூட்டிப்போக வேண்டியிருக்கும் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் குப்பை மொத்தமும் உங்களோடு திரும்பி வர வேண்டும், டயப்பர் உட்பட.

ஜீன்ஸ்

வேண்டாம்.

'நான் முன்னால போய் இடம் பிடிக்கிறேன்'

எனக்கு இன்னும் எரிச்சல் தீராத விஷயம் இது. நடக்க ஆரம்பித்து இருபது நிமிஷம் ஆகியிருக்காது, கூட்டத்தில் வேகமான ஒருவர் இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பேருந்து ஜன்னலில் துண்டு போடுகிற பழக்கம் மலையிலும் விடவில்லை. இத்தனைக்கும் அது முன்பதிவு செய்து போகிற குடில். பதிவு இருந்தால் இடம் இருக்கிறது. மூலை மெத்தை கிடைக்கவில்லை என்று யாருக்கும் ஜுரம் வந்ததில்லை.

ஒரு இலையுதிர்காலச் சனிக்கிழமை நான் குடிலில் இருந்தபோது ஒரு மாமாவும் இரண்டு பையன்களும் வந்து சேர்ந்தார்கள். மூலையில் ஏழு தூக்கப் பைகளை வரிசையாக விரித்தார்கள். குடிலோ முக்கால்வாசி காலி. "மத்தவங்க பின்னால வர்றாங்க" என்றார் மாமா. ஒரு மணி நேரம் போனது. இன்னொரு மணி நேரமும் போனது. மழை தூற ஆரம்பித்து, மரங்களுக்கு நடுவே இருட்டும் இறங்கிவிட்டது. அப்போதுதான் அவர் தன் பையைத் திறந்து பார்த்தார். சின்னப் பெண்ணின் மழைக்கோட்டு, கம்பளிச் சட்டை, அவள் அம்மாவின் டார்ச் எல்லாம் அதற்குள். பாரம் குறையட்டும் என்று எல்லாவற்றையும் இவரே வாங்கிக்கொண்டிருக்கிறார். நல்ல மனசுதான்!

நானும் அங்கே தங்கியிருந்த உள்ளூர்க்காரர் ஒருவரும் டார்ச்சோடு திரும்பி நடந்தோம். வழியில் வரும் டொனலி ஃபிளாட் என்ற சமதளத்துக்கும் குடிலுக்கும் நடுவே, ஒரு சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் அவர்களைப் பார்த்தோம். அப்பா, அம்மா, பாட்டி, ஆறு வயதுப் பெண். புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே ஜென்டில் ஆனி என்ற பாதை பிரிந்து, பவல் என்ற இன்னொரு குடிலை நோக்கி மலை ஏறும். நல்ல அகலமான பாதை, பார்த்தால் அதுதான் பிரதான பாதை என்று தோன்றும். அதிலே ஏறிவிட்டிருக்கிறார்கள். ஓடைச் சத்தம் ரொம்ப நேரமாகக் கேட்கவே இல்லையே என்று நின்று யோசித்துக் கூட்டத்தைத் திருப்பியது அந்த அம்மாதான். குழந்தை நனைந்த பருத்திச் சட்டையோடு இருந்தாள். உதடு நடுங்கியது. சாக்லேட்டை நீட்டினால் வாங்கக் கை மடங்கவில்லை. சட்டையைக் கழற்றித் துடைத்து, என் கம்பளிச் சட்டையை மாட்டி, உள்ளூர்க்காரர் முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார். குடிலுக்குள் நுழைந்ததும் மாமா கேட்ட முதல் கேள்வி: "போர்டு பாக்கலியா?"

பார்க்கவில்லைதான். முன்னால் ஆள் போகிறார் என்றால் பின்னால் வருகிறவர் போர்டு பார்க்க மாட்டார். அதனால்தான் பிரிந்து போகாதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறேன். ஒவ்வொரு பிரிவிலும் பாலத்திலும் நில்லுங்கள், கடைசி ஆள் வந்து மூச்சு வாங்கி முடித்த பிறகு கிளம்புங்கள். மெதுவாக நடப்பவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். கடைசியில் ஒரு பெரியவர் கட்டாயம் வர வேண்டும். அவசரகால பீக்கன் (ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவி) அவர் கையில் இருக்கட்டும், ஏனென்றால் சிக்கல் பின்னால்தான் நடக்கும், அங்கே போனில் சிக்னலை நம்ப முடியாது. அப்புறம், ஆறு வயதுப் பிள்ளையானாலும் தன் மழைக்கோட்டு, ஒரு கம்பளிச் சட்டை, தலையில் மாட்டும் டார்ச், ஒரு பிஸ்கட் பாக்கெட், இவ்வளவையும் தன் முதுகிலேயே சுமக்கட்டும். அதைத் தூக்க முடியாத பிள்ளையென்றால், அதன் கையைப் பிடித்து நடக்கிறவர் பையில் இருக்கட்டும். வேறு யார் பையிலும் வேண்டாம்.

போர்டில் போட்டிருக்கும் நேரத்தை நம்புவது

சுமார் மூன்று மணி நேரம் என்பது பெரியவர்கள் கணக்கு. சின்னப் பிள்ளைகளோடு ஐந்து என்று வையுங்கள். ஜூன் மாதம் இங்கே குளிர்காலம், மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். மதியச் சாப்பாட்டை வீட்டில் முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்ற பேச்சே கூடாது.

சமையல்

குறைவாக எடுத்துப் போவார்கள் என்ற கவலை நம் ஆட்கள் விஷயத்தில் இல்லை. ஒருவர் பிரஷர் குக்கரே கொண்டுவந்து காலை ஐந்தரைக்கு மூன்று விசில் விட்டார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அரிசி வேக கேஸும் நேரமும் நிறையப் பிடிக்கும். வீட்டிலேயே ரவையை வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கலந்து, உப்பும் போட்டு டப்பாவில் அடையுங்கள். அங்கே தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொட்டினால் ஐந்து நிமிஷத்தில் உப்புமா. உள்ளே கேஸ் அடுப்பு எரியும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், எவ்வளவு குளிரானாலும் சரி.

வானிலை

கிளம்பும் முன்பு நியூசிலாந்து வானிலைச் சேவையான மெட்சர்வீஸின் மலைப்பகுதி முன்னறிவிப்பைப் பாருங்கள். மாஸ்டர்டனில் வெயில் அடிக்கிறது என்பது தராருவாவுக்குச் சம்பந்தமில்லாத செய்தி. மேற்கிலிருந்து வரும் காற்றும் மழையும் முதலில் இந்த மலையில்தான் மோதும். கனமழை என்று போட்டிருந்தால் பதிவை ரத்து செய்துவிடுங்கள்.

குடிலில் இருக்கும் பதிவேடு

போனதும் எல்லார் பெயரையும், மறுநாள் எந்த வழியில் எங்கே போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். யாரையாவது தேட வேண்டி வந்தால் தேடுகிறவர்கள் அதைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். "செம இடம், சூப்பர்" என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள்.