பிரைவேட் லிமிடெட் நடத்துகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பார்ட்னர்ஷிப்பாக ஓடிக்கொண்டிருந்த தொழில் கொஞ்சம் வளர்ந்ததும், பேங்க் லோனுக்காகவோ பெரிய ஆர்டருக்காகவோ பிரைவேட் லிமிடெட் ஆக்குவது கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் வழக்கமாக நடப்பது. பெயர்ப்பலகை மாறும், லெட்டர்பேடு மாறும், பழக்கம் மட்டும் மாறாது. கடைக் கல்லாவில் கை வைத்தது போலவே முதலாளி கம்பெனிக் கணக்கிலும் கை வைப்பார். கேட்டால் "என் கம்பெனிதானே?" என்பார். பங்குகள் அவருடையவைதான், மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் கம்பெனி என்பது தனி ஆள். பேங்கில் இருப்பது அந்த ஆளின் பணம். பல சிக்கல்களின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மகள் கல்யாணத்துக்கு மண்டப அட்வான்ஸ் கம்பெனிக் கணக்கிலிருந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சில் ஆடிட்டர் "இது என்ன செலவு?" என்பார். "என் பேர்ல எழுதிக்குங்க" என்று பதில் வரும். அப்படி எழுதினால் அது கம்பெனி தன் டைரக்டருக்குக் கொடுத்த கடன். 2013 கம்பெனிச் சட்டத்தின் 185ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. சில நிபந்தனைகளுக்கு உட்படும் பிரைவேட் கம்பெனிகளுக்கு விலக்கு உண்டு. விலக்கு கிடைத்தாலும் வருமான வரி விடாது. 10 சதவீதமோ அதற்கு மேலோ ஓட்டுரிமை உள்ள பங்குதாரர் கம்பெனியிலிருந்து கடன் வாங்கினால், கம்பெனியில் சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவுக்கு அதை டிவிடெண்டாக, அதாவது பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுத்த லாபமாகக் கருதி வரி போடுவார்கள். "வருஷம் முடியறதுக்குள்ள திருப்பிக் கட்டிட்டேனே" என்ற வாதம் எடுபடாது என்று உச்ச நீதிமன்றம் 1977லேயே சொல்லிவிட்டது. சம்பளமாக எடுங்கள், டிவிடெண்டாக எடுங்கள். இரண்டுக்கும் முறையான வழி இருக்கிறது.

பணம் உள்ளே வருவதிலும் இதே அலட்சியம்தான். அவசரத்துக்கு நண்பரிடம் கைமாத்து வாங்கிக் கம்பெனியில் போடுவார்கள். டைரக்டர் தன் சொந்தப் பணத்தைப் போட்டு, இது கடன் வாங்கிய பணம் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் சரி. பிரைவேட் கம்பெனியில் டைரக்டரின் உறவினர் இப்படிப் போடலாம். நண்பர் போட்டால் அது கம்பெனிச் சட்டத்தின் 73ஆவது பிரிவின் கீழ் டெபாசிட் ஆகிவிடும், அதன் விதிகள் கடுமையானவை.

அடுத்து போர்டு மீட்டிங், அதாவது டைரக்டர்கள் கூடும் கூட்டம். சாதாரணமாக வருஷத்துக்கு நான்கு, இரண்டுக்கு நடுவே 120 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது. சட்டப்படி சிறிய கம்பெனி (மூலதனமும் விற்பனையும் குறிப்பிட்ட வரம்புக்குள் இருப்பது) என்றால் அரையாண்டுக்கு ஒன்று போதும், இரண்டுக்கும் 90 நாளாவது இடைவெளி வேண்டும். ஆனால் நடப்பது என்ன? செப்டம்பரில் ஒரு மத்தியானம் அந்த வருஷத்து மினிட்ஸ் (கூட்டத்தில் நடந்ததன் பதிவு) மொத்தமும் ஒரே பேனாவில் எழுதப்படும். மே மாதம் சிங்கப்பூரில் இருந்த டைரக்டர், மே மாத மினிட்ஸில் ஆபீஸில் உட்கார்ந்திருப்பார். அண்ணன் தம்பிக்குள் ஒற்றுமை இருக்கும்வரை யாரும் அதைப் புரட்டுவதில்லை. பாகம் பிரியும் பேச்சு வந்து விஷயம் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனால், முதலில் வெளியே வருவது அந்த மினிட்ஸ் புத்தகம்தான். பாஸ்போர்ட் முத்திரை ஒரு பக்கம், மினிட்ஸ் கையெழுத்து இன்னொரு பக்கம். மினிட்ஸைத் திருத்திக் குளறுபடி செய்ததாக நிரூபணமானால் இரண்டு வருஷம் வரை சிறைத்தண்டனைக்கு இடம் இருக்கிறது. வீடியோ காலிலேயே மீட்டிங் நடத்தலாம் என்று சட்டம் அனுமதித்த பிறகும் இதைச் செய்வது வெறும் சோம்பேறித்தனம். கூடுங்கள், பேசுங்கள், 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றுங்கள். முக்கியமாக, யாராவது "வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் அதையும் எழுதுங்கள்.

கணக்கிலும் பழைய தேதிக்குப் போய் என்ட்ரி மாற்றும் காலம் முடிந்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்த வசதியை அணைத்து வைக்கவும் கூடாது.

பெயருக்கு டைரக்டர் என்பது இன்னொரு தலைவலி. பல ஆடிட்டர் ஆபீஸ்களில் ஒரு மேசை டிராயர் முழுக்க டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் (ஆன்லைன் படிவங்களில் கையெழுத்துப் போட உதவும், பென்டிரைவ் போன்றவை) கிடக்கும். ஒவ்வொன்றிலும் துண்டுக் காகிதம் ஒட்டி முதலாளி மனைவி பெயர், அம்மா பெயர், கூடவே பாஸ்வேர்டும் எழுதியிருக்கும். அந்த அம்மாவுக்குத் தான் எதில் கையெழுத்துப் போட்டோம் என்றே தெரியாது. சட்டம் அவரையும் மற்ற டைரக்டர்களைப் போலத்தான் பார்க்கும். கம்பெனி மூன்று வருஷம் தொடர்ந்து ஆண்டு ரிட்டர்ன் போடாவிட்டால் அவரும் ஐந்து வருஷத்துக்குத் தகுதி இழப்பார். வேறு கம்பெனியிலும் டைரக்டர் ஆக முடியாது. 2017 செப்டம்பரில் மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் (எம்சிஏ) வெளியிட்ட, இப்படித் தகுதி இழந்தவர்களின் பட்டியல்களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அதன் பிறகு எத்தனையோ பேர் கோர்ட் படியேறினார்கள். டோக்கனை அவரவர் கையில் கொடுங்கள். பத்து நிமிஷம் உட்கார்ந்து விளக்கிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். விளக்க முடியாத விஷயம் என்றால் அதில் கையெழுத்தே வேண்டாமே.

போர்டில் பெரிய பெயர்களை உட்கார வைத்தால் போதும் என்பவர்கள் ஹைதராபாத் ஐடி நிறுவனமான சத்யம் கம்ப்யூட்டரை நினைத்துக்கொள்ளலாம். நிறுவனரின் குடும்பம் சம்பந்தப்பட்ட இரண்டு மேய்டாஸ் கம்பெனிகளைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க 2008 டிசம்பர் 16 அன்று போர்டு ஒப்புதல் கொடுத்தது. அந்த போர்டில் ஹார்வர்டு பேராசிரியர் இருந்தார், இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸின் டீன் இருந்தார். முதலீட்டாளர்கள் கொதித்த பிறகு சில மணி நேரத்திலேயே முடிவைத் திரும்பப் பெற்றார்கள். 2009 ஜனவரி 7 அன்று கணக்கில் காட்டிய பணத்தில் 5,000 கோடிக்கு மேல் இல்லவே இல்லை என்று நிறுவனரே கடிதம் எழுதினார். நல்ல கார்ப்பரேட் நிர்வாகத்துக்காக அந்தக் கம்பெனிக்கு விருது கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன!

சின்ன அளவில் இது எப்படி இருக்கும் என்றால், மனைவி பெயரில் உள்ள கட்டடத்துக்குக் கம்பெனி வாடகை கொடுக்கும், மச்சான் கடையில் நூல் வாங்கும். இதில் தப்பே இல்லை. அக்கம்பக்கத்தில் என்ன வாடகையோ அதே வாடகையாக இருக்க வேண்டும், யாருக்கு என்ன சம்பந்தம் என்று போர்டில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். மறைத்து வைத்தால்தான் வில்லங்கம்.

அன்றாட நிர்வாகத்தில் நான் முதலில் பயப்படுவது லீவே போடாத கேஷியரைப் பார்த்துத்தான். "இருபது வருஷமா இருக்கார், தங்கமான மனுஷன்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அவரே பில் பதிவார், அவரே பணம் அனுப்புவார், அவரே பேங்க் ஸ்டேட்மென்ட்டை டிக் அடிப்பார். அவர் நல்லவராகவே இருக்கலாம். தப்பு நடந்தால் கண்டுபிடிக்க இரண்டாவது ஆள் இல்லை என்பதுதான் கவலை. பணம் அனுப்புவது ஒருவர், ஸ்டேட்மென்ட் சரிபார்ப்பது இன்னொருவர் என்று பிரியுங்கள். வருஷத்துக்கு ஒரு வாரமாவது அவரைக் கட்டாய லீவில் அனுப்பி, வேறு ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வையுங்கள். அவர் மனம் புண்படும் என்று தயங்க வேண்டாம். நாளைக்குப் பழி விழாமல் காப்பாற்றப் போவதும் இதே ஏற்பாடுதான்.

அப்புறம், எம்பிஏ முடித்து வரும் மகன். பெரியவர் ஒரு விலை சொல்வார், சின்னவர் வேறு விலை சொல்வார், மேனேஜர் நடுவில் முழிப்பார். எவ்வளவு ரூபாய் வரை யார் முடிவெடுக்கலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, போர்டில் வைத்து நிறைவேற்றுங்கள்.

இதையெல்லாம் சொல்லியும் கேட்காத கம்பெனியில் நீங்கள் டைரக்டராக மாட்டிக்கொண்டிருந்தால், வாய்வார்த்தையாக "நான் விலகிட்டேன்" என்று சொல்லிவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து, கிடைத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். கம்பெனி 30 நாளுக்குள் நீங்கள் விலகியதைத் தெரிவிக்கும் டிஐஆர்-12 படிவம் போட்டதா என்று எம்சிஏ இணையதளத்தில் பாருங்கள். போடவில்லை என்றால், விலகும் டைரக்டருக்கென்றே உள்ள டிஐஆர்-11 படிவத்தை நீங்களே தாக்கல் செய்யலாம். பதவியில் இருந்த காலத்தில் நடந்த தவறுகளுக்கான பொறுப்பு மட்டும் ராஜினாமாவோடு தீராது. அதனால் போர்டில் எதிர்த்து எழுதிய கடிதம், மெயில் ஏதாவது இருந்தால் நகல் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டு கிளம்புங்கள்.